தெரியுது சார்! – வாசகர் கேள்விகளும் கண் டாக்டர் பதில்களும்

கண் பரிசோதனையை எப்படிக் கற்றுக்கொள்வது, எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை புரை, மாறுகண், கண்ணாடி பவர் எல்லாவற்றுக்கும் விடுமுறை. அவற்றைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளட்டும். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆப்தல்மாஸ்கோப் என்பது பாவை வழியாக விளக்கடித்துக் கண்ணுக்குள் விழித்திரையைப் பார்க்கிற கைக்கருவி, டிஸ்க் என்பது விழித்திரையில் பார்வை நரம்பு தெரிகிற வட்டம்.

நான் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. கண் போஸ்டிங்கில் எங்கள் பேட்ச் முழுவதற்கும் ஒரே ஒரு ஆப்தல்மாஸ்கோப். ஆளுக்கு அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. பார்த்தால் சிவப்பாக ஏதோ தெரிகிறது, அதுவும் உடனே மறைந்துவிடுகிறது. சார் "டிஸ்க் தெரியுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரையும் போல "தெரியுது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். சிமுலேட்டர் எல்லாம் லட்சக்கணக்கில் விலை என்கிறார்கள். வீட்டிலேயே பழக ஏதாவது வழி இருக்கிறதா டாக்டர்?
– மாணவி, தஞ்சாவூர்

அந்தத் "தெரியுது சார்" உங்கள் பேட்ச் கண்டுபிடித்தது இல்லை அம்மா, தலைமுறை தலைமுறையாக வருவது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் ஆப்தல்மாஸ்கோப்பைப் பற்றி எழுதி வெளியிட்டார் என்று படித்திருப்பீர்கள். அதற்கு நான்கு வருடம் முன்பே, கம்ப்யூட்டருக்கு முன்னோடி என்கிறோமே அந்த சார்லஸ் பாபேஜ், கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு கருவியைச் செய்து லண்டனில் வார்ட்டன் ஜோன்ஸ் என்ற கண் மருத்துவரிடம் காட்டினார். அவர் கண்ணை வைத்துப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, பாபேஜின் கருவி அதோடு ஓரங்கட்டப்பட்டது. அவராவது தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னார்.

சிக்கல் எங்கே என்றால், நீங்கள் பார்ப்பதை உங்கள் சார் பார்க்க முடியாது. ஈ.சி.ஜி. என்றால் தாளை இருவரும் சேர்ந்து பார்க்கலாம், எக்ஸ்-ரே என்றால் வெளிச்சத்தில் மாட்டி விரல் வைத்துக் காட்டலாம். ஆப்தல்மாஸ்கோப் துளையில் ஒரு நேரத்தில் ஒரு கண்தான். நீங்கள் டிஸ்க்கைப் பார்த்தீர்களா, அல்லது நோயாளியின் இமை முடியைப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. அதனால் ஒரு சிமுலேட்டர் செய்ய வேண்டிய முதல் வேலை, உள்ளே என்ன இருக்கிறது என்பது கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. அவ்வளவுதான். இதற்கு லட்சம் எதற்கு, ஒரு மாத்திரை டப்பா போதும்.

செய்முறை சொல்கிறேன். பழைய காலத்தில் கேமரா ஃபிலிம் ரோல் டப்பாவில் செய்வார்கள், இப்போது அது கிடைக்காது, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற, ஐந்தாறு செ.மீ. உயரமுள்ள எந்த உருளை டப்பாவும் சரி. உள்பக்கம் முழுக்க கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள், இல்லையென்றால் வெளிச்சம் சுவரில் பட்டுச் சிதறி எல்லாம் வெள்ளையாகிவிடும். கண்பாவைக்கு, கறுப்பு அட்டையில் ஆபீஸ் பஞ்சிங் மிஷினால் ஒரு துளை. அது ஏறக்குறைய 6 மி.மீ., அதாவது சொட்டு மருந்து விட்டு விரித்த கண்ணுக்குப் பக்கத்தில் வரும். கை பழகிய பிறகு 3 மி.மீ. துளைக்கு மாறுங்கள், அப்போதுதான் வார்டில் படும் பாடு என்னவென்று புரியும்.

துளைக்குப் பின்னால் ஒரு லென்ஸ் வேண்டும். கண்ணாடிக் கடைகளில் பவர் பார்க்கிற ட்ரையல் பெட்டி இருக்கும், அதில் +20 வரை லென்ஸ் உண்டு, தெரிந்த கடை என்றால் உதிரியாகக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சின்ன பூதக்கண்ணாடி ஒன்று. அதன் குவியத் தூரத்தை அளக்க, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஜன்னலின் பிம்பம் கூர்மையாக விழும்வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் பாருங்கள். +20 என்றால் 50 மி.மீ. வரும். டப்பாவில் லென்ஸுக்கும் அடியில் ஒட்டும் படத்துக்கும் இடையே சரியாக அந்தத் தூரம் இருந்தால், பவர் இல்லாத கண் ரெடி. படத்தை 5 மி.மீ. முன்னால் கொண்டுவந்தால் ஏறக்குறைய +2 கண், பின்னால் தள்ளினால் -2 கண். ஆப்தல்மாஸ்கோப்பின் சக்கரத்தை எதற்குச் சுற்றுகிறோம் என்று புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் ஏறாதது இதில் ஏறிவிடும்.

இப்போது எல்லோரும் கோட்டைவிடுகிற இடம். இணையத்திலிருந்து ஒரு விழித்திரைப் படத்தை எடுத்து டப்பா கொள்ளும் அளவுக்குப் பெரிதாக அச்சடித்து ஒட்டிவிடுகிறார்கள், பார்த்தால் டிஸ்க் முழு நிலா மாதிரி முகத்தில் வந்து மோதுகிறது, "ஆஹா தெரியுது" என்று சந்தோஷப்பட்டுவிட்டு நிஜ நோயாளியிடம் போனால் பழைய கதைதான். நிஜக் கண்ணில் டிஸ்க் சுமார் 1.5 மி.மீ., அது நம் பார்வையில் ஐந்து டிகிரி. 50 மி.மீ. டப்பாவில் அதே ஐந்து டிகிரி வர வேண்டும் என்றால் படத்தில் டிஸ்க்கின் அகலம் நாலரை மி.மீ.தான் இருக்கணும், கூர்மையான பார்வைக்கான இடமான மாக்குலாவின் நடுப்புள்ளி டிஸ்க்கின் நடுவிலிருந்து 13 மி.மீ. தள்ளி. இந்த அளவுக்குச் சுருக்கி, பளபளப்பில்லாத தாளில் அச்சடியுங்கள். மினுமினுக்கிற ஃபோட்டோ பேப்பர் வேண்டாம், விளக்கு அப்படியே திரும்பி அடிக்கும்.

படத்தின் நான்கு மூலையிலும், டிஸ்க் ஓரத்திலும் பொடி எழுத்தாக ஒரு எண் அல்லது தமிழ் எழுத்து சேர்த்துவிடுங்கள். டப்பாவை நீங்களே செய்து நீங்களே பார்த்தால் பிரயோஜனம் இல்லை, உங்கள் தோழி செய்ததை நீங்களும் நீங்கள் செய்ததை அவரும் மாற்றிக்கொள்ள வேண்டும். கேள்வி "தெரியுதா?" இல்லை, "மேல்பக்கம் மூக்குப்புறம் என்ன எழுத்து?". இதற்குப் பொய் சொல்ல வராது.

டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். விக் கடைகளில் வைத்திருப்பார்களே தெர்மோகோல் தலை, அதில் கண் இருக்கும் இடத்தைக் குடைந்து பொருத்துங்கள். மூக்கு இருந்தால்தான் நோயாளியின் வலது கண்ணை ஏன் கருவியை வலது கையில் பிடித்து நம் வலது கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள் என்று தெரியும், மாற்றிச் செய்தால் மூக்கோடு மூக்கு இடிக்கும். ஒரு கை தூரத்தில் நின்று, வெளிப்புறமாகப் பதினைந்து டிகிரி சாய்வில் பாவையில் தெரியும் சிவப்பு ஒளியைப் பிடித்து, அதை விடாமல் இரண்டு மூன்று செ.மீ. வரை நெருங்கிப் போகணும். பத்தில் எட்டுப் பேர் தோற்பது கடைசி ஒரு சாணில்தான், கூச்சத்தில் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். தெர்மோகோல் தலையிடம் என்ன கூச்சம்?

இந்தத் தலை இமைக்காது, கண்ணை அசைக்காது, "போதும்மா, கண்ணு கூசுது" என்றும் சொல்லாது. அதெல்லாம் நிஜ மனிதரிடம்தான் பழக வேண்டும். ஆனால் அங்கே போகும்போது கையும் தூரமும் கோணமும் பழகியிருந்தால், கிடைக்கிற அரை நிமிடம் முழுதாக உங்கள் கணக்கில் சேரும்.

மெடிக்கல் படிக்கும் மகன் சொந்தமாக ஆப்தல்மாஸ்கோப் வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?
– ஒரு தந்தை, காரைக்குடி

உள்நாட்டுத் தயாரிப்பு சில ஆயிரத்தில் கிடைக்கிறது, பெயர்பெற்ற வெளிநாட்டு கம்பெனி என்றால் அதைப்போல் பல மடங்கு. படிக்கிற பையனுக்கு முதல் வகையே தாராளம், பல்பும் பேட்டரியும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆர்க்லைட் என்று ஒன்றைப் பரப்புகிறார்கள், பேனா அளவுதான், எல்.இ.டி. விளக்கு, வெயிலில் வைத்தால் சார்ஜ் ஆகும், காது பார்க்கிற வசதியும் அதிலேயே இருக்கிறது. மின்சாரமும் பணமும் தட்டுப்பாடாக உள்ள நாடுகளுக்காகவே செய்தது. இரண்டு மூன்று நண்பர்கள் பங்கு போட்டு ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது, எப்படியும் பழக இன்னொரு ஆள் வேண்டுமே.

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஸ்கில்ஸ் லேபுக்கு நிதி வந்திருக்கிறது. கண் பிரிவுக்கு கம்ப்யூட்டர் சிமுலேட்டர் ஒன்று வாங்கலாம் என்று டீன் சொல்கிறார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. உங்கள் கருத்து?
– பெயர் வேண்டாம்

ஜெர்மனியில் உருவான ஐசி மாதிரியான சிமுலேட்டர்களைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். குறை சொல்ல முடியாத பொருள்தான். மாணவர் துளையில் பார்ப்பதை நீங்கள் திரையில் பார்க்கலாம், விழித்திரையில் எந்தப் பகுதியைப் பார்த்தார், எதை விட்டார் என்று கணக்கு வைக்கும், நம் ஓ.பி.யில் எப்போதோ ஒருமுறை வருகிற நோய்களெல்லாம் அதற்குள் இருக்கும். நான் மேலே சொன்ன "தெரியுது சார்" நோய்க்கு முழு மருந்து.

ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் அப்படிப்பட்ட மெஷின் ஏ.சி. அறையில் உறை போட்டு இருக்கிறது, சாவி ஒருவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம், ஆய்வுக் குழு வரும் அன்று உறையைக் கழற்றுகிறார்கள். ஒரு மெஷின், நூற்றைம்பது மாணவர்கள் என்றால் அந்தத் தஞ்சாவூர் மாணவியின் அரை நிமிடம்தான் மறுபடியும், இந்த முறை ஏ.சி.யில். வாரண்டி முடிந்த பிறகு பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு வருடா வருடம் யார் கையெழுத்துப் போடுவார் என்பதையும் டீனிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மட்டும் என்றால் நான் வாங்க மாட்டேன். முப்பது டப்பா, பத்து சாதாரண ஆப்தல்மாஸ்கோப், லேபை மாலையில் திறந்து வைக்க ஒரு ஆள், இதற்கே மீதி வரும். 2019-ல் சேர்ந்த பேட்ச் முதல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்துவிட்டது, செய்து காட்டு என்றுதான் மாணவரிடம் கேட்கிறோம், அதற்குத் தேர்விலும் இடம் வேண்டாமா? ரொனால்ட் ஹார்டன் 1975-ல் டண்டீயில் அறிமுகப்படுத்திய ஆஸ்கி தேர்வு முறையில், அதாவது மாணவர் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய்ச் செய்து காட்டும் தேர்வில், ஒரு ஸ்டேஷனாக டப்பாவை வைத்துவிடுங்கள். எண் 14 டப்பாவில் இருப்பது வீங்கிய டிஸ்க்கா, குழிந்த டிஸ்க்கா, சர்க்கரை நோயின் ரத்தக் கசிவா? மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் மாலையில் லேபில் கூட்டம் தானாக வரும்.

படங்களுக்கு அலைய வேண்டாம், மகாராஷ்டிராவின் நாந்தேட்டில் எடுத்த சர்க்கரை நோய் விழித்திரைப் படங்களை ஐ.டி.ஆர்.ஐ.டி. என்ற பெயரில் ஆராய்ச்சிக்காகப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் துறையிலேயே விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமரா இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. மாணவர்களின் டிஸ்க்கையே படம் எடுத்து, யாருடைய கண் என்று சொல்லாமல் வரிசையாக ஒட்டி, ஒருவரை ஒருவர் பரிசோதித்து எந்தப் படம் யாருடையது என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். ஒருவர் டிஸ்க் போல இன்னொருவருடையது இருக்காது, ரத்தக்குழாய் கிளை பிரிகிற விதத்திலேயே ஆள் பிடிபடும். வெளிநாட்டுக் கல்லூரிகள் சிலவற்றில் செய்கிறார்கள், கேமரா இருக்கிற இடத்தில் செலவு என்று ஒன்றுமே இல்லை.

பி.ஜி. மாணவர்கள் இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். தலையில் மாட்டும் இன்டைரக்ட் கருவியில் பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும், அது கைவரப் பல மாதம் ஆகும், அங்கே அந்த மெஷின் தன் விலைக்கு உழைக்கும்.

நான் இன்ஜினியரிங் இறுதியாண்டு. கண் பரிசோதனைக்கு மலிவான சிமுலேட்டர் ஒன்றை ப்ராஜெக்ட்டாகச் செய்ய ஆசை. 3டி பிரின்டர் இருக்கிறது. எதைச் செய்தால் உபயோகமாக இருக்கும்?
– மாணவர், கோயம்புத்தூர்

விழித்திரை டப்பாவை ஆளாளுக்குச் செய்துவிட்டார்கள், அதை விடுங்கள். உங்கள் ஊரிலேயே ஃபோன் கேமராவோடு 20 டயாப்டர் லென்ஸைச் சேர்த்து விழித்திரையைப் படமெடுக்கிற மலிவான கருவிகளை மருத்துவர்கள் செய்திருக்கிறார்கள், அதிலும் புதிதாக ஒன்றும் இல்லை. ஆள் இல்லாத இடம் கண்பாவை. டார்ச்சை ஒரு கண்ணில் காட்டி, சட்டென்று அடுத்த கண்ணுக்கு மாற்றி, மறுபடி திரும்பி வந்து பார்க்கிற பரிசோதனை ஒன்று இருக்கிறது. பார்வை நரம்பு கெட்டிருந்தால், அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் வரும்போது பாவை சுருங்குவதற்குப் பதில் விரியும். ஒரு டார்ச் மட்டும் போதும், ஆனால் அப்படிப்பட்ட நோயாளி போஸ்டிங் நடக்கும் அந்த வாரத்தில் வந்தால்தான் மாணவர் பார்க்க முடியும். அதனால் பெரும்பாலோர் இதைப் பார்க்காமலே டாக்டராகிவிடுகிறார்கள்.

ஒரு முகம், இரண்டு வட்டமான சிறு டிஸ்ப்ளே, அவற்றின் ஓரத்தில் ஆளுக்கொரு ஒளி உணரி, ஒரு ஆர்டுயினோ அல்லது அதற்குச் சற்று வேகமான போர்டு. கருவிழியை இயந்திர இலைகளால் செய்யப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், திரையில் வரைந்துவிடுங்கள். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு, வலது உணரிக்கு வலது பாவை, இடது உணரிக்கு இடது பாவை என்று தனித்தனியாக இணைத்துவிடுவது. மனிதக் கண் அப்படி இல்லை. எந்தக் கண்ணில் வெளிச்சம் பட்டாலும் இரண்டு பாவையும் ஒன்றாகத்தான் சுருங்கும். ஆகவே இரண்டு உணரியின் மதிப்பையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, அதை இரண்டு பாவைக்கும் கொடுங்கள், கெட்ட நரம்பு வேண்டும் என்றால் அந்தப் பக்கத்து உணரியின் எடையை மட்டும் குறையுங்கள். அந்த எடையை முதுகுப்பக்கம் ஒரு திருகில் வைத்தால் நோயின் அளவை ஆசிரியரே கூட்டிக் குறைக்கலாம், மாணவருக்குத் தெரியாது. சுருங்குவது வேகமாகவும் விரிவது சாவகாசமாகவும் இருக்கட்டும், இல்லாவிட்டால் பொம்மை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

எலக்ட்ரானிக்ஸ் வேண்டாம் என்றால் இன்னொன்று. ஒரு குழந்தைப் பொம்மையின் கண்ணில் பாவை அளவுக்குத் துளை போட்டு, பின்னால் லாரிகளில் ஒட்டுகிற சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை வையுங்கள். ஆப்தல்மாஸ்கோப் வழியாகப் பார்த்தால் ஜகஜோதியாகச் சிவப்பு தெரியும். இன்னொரு கண்ணில் வெள்ளை ஸ்டிக்கர். பிறந்த குழந்தையின் கண்ணில் சிவப்புக்குப் பதில் வெள்ளை தெரிந்தால் பிறவிப் புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கலாம், உடனே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். செவிலியர்கள், குழந்தை நல வார்டில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கள் எல்லோருக்கும் இந்தப் பொம்மை ஒன்றே போதும்.

ஃபோனிலேயே விழித்திரையைப் படம் எடுத்து, ஏ.ஐ. நோயைச் சொல்லிவிடும் காலத்தில் 1851-ஆம் வருடத்துக் கருவியை இன்னும் சொல்லிக்கொடுப்பது வீண்வேலை இல்லையா?
– வாசகர், சென்னை

கோபப்பட மாட்டேன், பாதி சரிதான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவலி, பார்வைக் கோளாறு போன்றவற்றோடு வந்த 350 பேருக்கு விழித்திரையைப் படம் எடுத்தார்கள், 44 பேருக்கு முக்கியமான கோளாறு இருந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் ஆப்தல்மாஸ்கோப் எடுத்துப் பார்த்தது 48 பேரை மட்டும், கண்டுபிடித்தது ஒன்றுகூட இல்லை. இதைவிடப் பெரிய அடி வேண்டுமா? மாணவர்களை வைத்து அவர்களே செய்த இன்னொரு ஆய்விலும் கருவியில் பார்ப்பதைவிடப் படத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவர்களுக்கு எளிதாகவும் சரியாகவும் வந்தது. ஏ.ஐ. விஷயத்தில் நம் பங்கும் உண்டு, கூகுள் 2016-ல் வெளியிட்ட சர்க்கரை நோய் விழித்திரை ஆய்வில் அரவிந்த், சங்கர நேத்ராலயா எடுத்த படங்களும் இருந்தன.

பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிற நாட்டில் எல்லோரையும் டாக்டர் குனிந்து குனிந்து பார்த்து முடியாது, அங்கே கேமராதான், இதில் வாதம் எதற்கு. ஆனால் தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு, தலைவலியும் வாந்தியுமாக ஒரு பெண் வந்தால் கேமரா கண் பிரிவில் பூட்டிக் கிடக்கும். டிஸ்க் வீங்கியிருக்கிறதா இல்லையா என்பதை டூட்டி டாக்டரின் சட்டைப்பையில் இருப்பதை வைத்துத்தான் பார்க்கணும். அந்த எமரி மருத்துவர்கள் கண்டுபிடிக்காமல் போனதற்குக் கருவி பழையது என்பது காரணமா, அல்லது படிக்கும்போது அவர்களும் "தெரியுது சார்" சொல்லி வந்தவர்கள்தானா? என் சந்தேகம் இரண்டாவதன் மேல்.

அரசு மருத்துவமனைக்குக் கண் காட்டப் போனால் மாணவர்கள் வரிசையாக வந்து விளக்கடித்துப் பார்க்கிறார்கள். கண்ணுக்குக் கெடுதல் இல்லையா?
– வாசகி, மதுரை

அந்த விளக்கால் கண் கெடாது, கூசும், அவ்வளவுதான். போதும் என்று தோன்றினால் போதும் என்று சொல்லுங்கள், சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, சிகிச்சை அதனால் குறையாது. பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டிருந்தால் சில மணி நேரம் பக்கத்தில் உள்ளது மங்கும், அன்று வண்டி ஓட்டாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் கண் சிவந்து வலி, வாந்தி என்று வந்தால் தாமதிக்காமல் திரும்பிப் போங்கள். அபூர்வமாகச் சிலருக்குக் கண் அழுத்தம் சட்டென ஏறும்.

கசாப்புக் கடையில் ஆட்டுக் கண் வாங்கி ஆப்தல்மாஸ்கோப்பில் பழகலாம் என்று சீனியர் சொல்கிறார். நிஜமா?
– மாணவர், திருநெல்வேலி

சீனியர் பாதி கேட்டுவிட்டுச் சொல்கிறார். ஆட்டுக் கண் உபயோகப்படும், ஆனால் விழித்திரை பார்க்க இல்லை. உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே கருவிழி மங்கத் தொடங்கிவிடும், போதாததற்கு ஆட்டின் பாவை படுக்கைவாட்டில் கோடு மாதிரி, மனிதக் கண்ணின் பழக்கம் அதில் வராது. அதை அறுவை சிகிச்சை பழகுகிறவர்கள் வாங்குவார்கள், தையல் போட, புரை எடுக்க. உங்கள் நிலைக்கு ஒன்று செய்யலாம், வெல்டிங் பட்டறைக்காரர்கள் கண்ணில் இரும்புத் துகளோடு வருவார்களே, அதை எடுக்கப் பழகுங்கள். காலையில் வெட்டிய கண்ணை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, கருவிழியில் பொடித் துகள் ஒன்றைப் பதித்து, லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசி முனையால் எடுக்க வேண்டும். ஊசியை நேராகக் குத்துவதுபோல் பிடிக்காதீர்கள், பரப்புக்கு ஒட்டிப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். கையுறை கட்டாயம், முடிந்ததும் கண்ணை மஞ்சள் பையில் போடுங்கள், ஹாஸ்டல் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வார்டனிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள்.